எதைச் சொல்லி மேன்மைபாராட்டலாம்? எரேமியா 9:23, 24 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, பெரம்பூர், எண்ணூர் என்று வடசென்னையில் எந்த வீட்டுக் கூட்டத்தில் இந்த இரண்டு வசனங்களைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறோம். வசனங்கள், பெரும்பாலான வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை. அதனால் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

இந்த வசனம் அப்படி என்னதான் சொல்லுது? சுருக்கமா சொல்லுங்க.

ஞானி தன் ஞானத்தையும், பராக்கிரமன் தன் பராக்கிரமத்தையும், ஐசுவரியவான் தன் ஐசுவரியத்தையும் குறித்து மேன்மைபாராட்ட (பெருமை பேச) வேண்டாம். பாராட்டுகிறவன், "பூமியிலே கிருபையையும் நியாயத்தையும் நீதியையும் செய்கிற கர்த்தர் நான் என்று" தன்னை அறிந்து உணர்ந்திருப்பதைக்குறித்தே பாராட்டட்டும் என்கிறார் கர்த்தர். இவைகளின்மேல்தான் எனக்குப் பிரியம் என்று வசனம் முடிகிறது.

வேண்டாம் என்று மூன்று. அவற்றுக்கு எதிரே கிருபை, நியாயம், நீதி என்று மூன்று. "கர்த்தரை அறிகிறது" என்ற இடத்தோடு நிறுத்திவிட்டுப் பின்னால் வரும் மூன்றையும் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு அதுவே காரணம். உங்கள் கையில் இருக்கும் பதிப்பில் எண் 22, 23 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். எபிரெய எண் வரிசையைப் பின்பற்றும் பதிப்புகளில் ஒன்று குறையும்.

எரேமியா இதை யாருக்குச் சொன்னாரு? அப்ப என்ன நிலைமை?

எரேமியா, பென்யமீன் நாட்டு ஆனதோத்தைச் சேர்ந்த ஆசாரியக் குடும்பத்துப் பிள்ளை. யூதா தேசத்து யோசியா ராஜாவின் 13-ம் வருஷத்தில், அதாவது கி.மு. 627 வாக்கில், தீர்க்கதரிசியாக அழைப்பு வந்தது. கி.மு. 609-ல் மெகிதோவில் யோசியா கொல்லப்பட்டார். அதன்பின் யூதா சறுக்கிக்கொண்டே போய், கி.மு. 586-ல் எருசலேமே இடிந்தது. நம் வசனம் எந்த வருஷம் சொல்லப்பட்டது என்று புத்தகத்தில் குறிப்பு இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வசனங்களைப் பாருங்கள்: ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கூப்பிடச் சொல்கிறார் (9:17). சாவு ஜன்னல் வழியாக ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டது என்கிறார் (9:21). துக்க வீட்டு வாசலில் சொன்ன வசனம் இது. வாழ்த்து அட்டைக்காக எழுதியதில்லை.

அந்த மூன்று பெருமைகளும் எப்படிப் போயின என்பதை 2 இராஜாக்கள் 24-ம் அதிகாரம் கணக்கோடு சொல்கிறது. கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வந்து அரண்மனைப் பொக்கிஷத்தையும் ஆலயப் பொக்கிஷத்தையும் அள்ளினான். பிரபுக்களும் வீரர்களுமாக 10,000 பேரைச் சிறைபிடித்தான். பராக்கிரமசாலிகள் 7,000, தச்சரும் கொல்லரும் 1,000 என்று 16-ம் வசனத்தில் பிரிவும் இருக்கிறது. தேசத்தில் மிஞ்சியது ஏழை எளியவர்கள் மட்டுமே. பணம், பலம், தொழிலறிவு மூன்றும் ஒரே படையெடுப்பில் வண்டியேறிப் போய்விட்டன.

அப்ப படிக்கிறது, சம்பாதிக்கிறது, முன்னேறுறது எல்லாம் தப்பா?

இல்லை. எரேமியாவே 22:15-ல் யோசியாவைப் பற்றிப் பேசும்போது, அவன் புசித்துக் குடித்து நியாயமும் நீதியும் செய்தான், சுகமாய் வாழ்ந்தான் என்கிறார். ராஜா ராஜாவாகச் சாப்பிட்டதில் அவருக்கு வருத்தம் எதுவுமில்லை. உபாகமம் 8:17, 18-ஐயும் சேர்த்துப் படியுங்கள். ஐசுவரியத்தைச் சம்பாதிக்கப் பெலன் கொடுக்கிறவர் கர்த்தர். "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" என்று இருதயத்தில் சொல்லிக்கொள்வதைத்தான் அங்கே தடுக்கிறார்.

படிக்கப் போகும் பிள்ளையை இந்த வசனத்தைக் காட்டி அடக்கும் பெற்றோரும் உண்டு. அதிலும் பெண்பிள்ளைகளை. அதற்கு இந்த வசனத்தில் துளியும் இடமில்லை.

சந்தோஷப்படுறதுக்கும் பெருமையடிக்கிறதுக்கும் கோடு எங்க இருக்கு?

மூன்று சோதனைகள் உதவும். ஒன்று: அதே நல்லது பக்கத்து வீட்டுக்கும் நடந்தால் உங்கள் சந்தோஷம் குறைகிறதா? குறைந்தால், உங்களுக்குப் பிடித்திருந்தது கிடைத்த பொருளை அல்ல, அவர்களைவிட ஒரு படி மேலே நின்றதை. இரண்டு: அது நாளைக்குப் போய்விட்டால் கூட்டத்துக்கு வர வெட்கப்படுவீர்களா? மூன்று: 1 கொரிந்தியர் 4:7-ல் அப்போஸ்தலன் பவுல் கேட்பது, நீ பெற்றுக்கொள்ளாதது யாது? இந்தக் கேள்விக்குக் குறைந்தது நாலு பேரின் பெயரை உடனே சொல்ல முடிகிறவர் பெரும்பாலும் பத்திரமான பக்கத்தில்தான் நிற்கிறார்.

என் பொண்ணு பன்னெண்டாவதுல நல்ல மார்க். சபையில சாட்சி சொல்லணும்னு ஆசை. சொன்னா பெருமையாயிடுமா?

சாட்சி என்பது கர்த்தர் செய்த நன்மையைச் சபையார்முன் சொல்வது. சொல்லலாம், சொல்லும் விதம் இருக்கிறது. முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். அவளுக்கு விருப்பம் இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்து, சொல்லப்போவதைத் தாளில் எழுதுங்கள். 3 நிமிஷம் போதும். எழுதினால் அரைப் பக்கத்துக்குமேல் வராது. எழுதாமல் மைக்கைப் பிடிப்பவர்கள்தான் பத்தாவது மார்க்கில் ஆரம்பித்து அண்ணன் மகன் கனடாவில் இருப்பது வரை போய் நிற்கிறார்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: என்ன கஷ்டம் இருந்தது, கர்த்தர் எந்த ஆள்கள் மூலம் உதவினார், என்ன நடந்தது, இனி என்ன வேண்டிக்கொள்ள வேண்டும். உதவியவர்களைக் கட்டாயம் சொல்லுங்கள். பீஸ் வாங்காமல் டியூஷன் எடுத்த அக்கா, பரீட்சை அன்று ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை கொடுத்த கீழ்வீட்டுப் பாட்டி. மொத்த மார்க் எவ்வளவு, பள்ளியில் எத்தனையாவது, அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு என்பவை வேண்டாம். அதே பெஞ்சில் ரெண்டு பாடம் போன பிள்ளை ஒன்று அம்மாவோடு உட்கார்ந்திருக்கும். உங்கள் சாட்சியைக் கேட்டபிறகு அந்த அம்மா உங்களிடம் வந்து பேச முடிய வேண்டும், அளவு அதுதான்.

மீன்பாடு, அதாவது வலையில் கிடைத்த மீனைப் பற்றிய சாட்சிக்கும் இதுவே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்கும் வாரத்தில் காசிமேட்டுப் பக்கம் சாட்சிகள் அதிகம் வரும். எத்தனை லட்சத்துக்கு ஏலம் போனது என்று சொல்வதைவிட, படகில் வந்த எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுச் சாட்சிக்கு நிற்பது மேல். ஏன் என்பது கர்த்தரை அறிவதைப் பற்றிய பதிலில் வருகிறது.

கடைசியில "எல்லா மகிமையும் தேவனுக்கே"ன்னு சொல்லிட்டா சரியாப் போச்சு இல்ல?

போகாது. சொன்னதிலிருந்து கர்த்தரின் பெயர் வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுத் திரும்பப் படித்துப் பாருங்கள். கதை எந்தக் குறையும் இல்லாமல் நிற்கிறதென்றால், அந்தக் கடைசி வரி வெறும் ஒட்டு. லூக்கா 18-ல் பரிசேயனும் "தேவனே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் ஆரம்பித்தான். ஸ்தோத்திரம் என்ற சொல் அவன் ஜெபத்தைக் காப்பாற்றவில்லை. பக்கத்தில் நின்ற ஆயக்காரனை (வரி வசூலிப்பவனை) காட்டிப் பேசியதுதான் அதைக் கெடுத்தது.

"நான் ஒண்ணுமே இல்லீங்க, எனக்குப் போய் இந்தப் பதவி கொடுத்திருக்காங்க" என்பதும் இதே வகைதான். கேட்கிறவர்களுக்கு அது நன்றாகவே புரியும். நேரடியாகப் பெருமை பேசுகிறவரையாவது மன்னித்துவிடத் தோன்றும்.

"கர்த்தரை அறியிறது"ன்னா என்ன? நான் பைபிளை முழுசா நாலு தடவை படிச்சிட்டேன். அது போதாதா?

நல்ல ஆரம்பம். ஆனால் எரேமியா கேட்பது இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. 22-ம் அதிகாரத்தை 13-லிருந்து 17 வரை நிதானமாக வாசியுங்கள். யோயாக்கீம் ராஜா பெரிய வீடு கட்டுகிறான். விசாலமான மேலறைகள், ஜன்னல்கள், கேதுருப் பலகை, சிவப்பு வண்ணப் பூச்சு. வேலை செய்தவர்களுக்கு மட்டும் கூலி இல்லை. அவனுக்கு ஐயோ என்று சொல்லிவிட்டு, அவன் தகப்பன் யோசியா சிறுமையும் எளிமையுமானவனின் நியாயத்தை விசாரித்தான் என்று நினைவுபடுத்துகிறார். அடுத்த வரிதான் சாவி: "அப்படிச் செய்வது என்னை அறிகிற அறிவு அல்லவோ?"

ஆக, 9:24-ல் கர்த்தர் தாம் செய்வதாகச் சொல்லும் கிருபையும் நியாயமும் நீதியும், அவரை அறிந்தவரின் கணக்குவழக்கில் தெரிய வேண்டும். நம் ஊரில் எங்கெல்லாம் பார்க்கலாம்? வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம் சொன்ன தேதியில் போகிறதா? வாடகைக்காரர் காலி செய்யும்போது அட்வான்ஸை இழுத்தடிக்காமல் திருப்பிக் கொடுக்கிறீர்களா? சப்-மீட்டர் வைத்து, நீங்கள் மின்வாரியத்துக்குக் கட்டுவதைவிட யூனிட்டுக்கு அதிகமாக அவரிடம் வாங்குகிறீர்களா? கடைப் பையனுக்கு வாரம் ஒரு நாள் லீவு உண்டா? பைபிளை ஐந்தாவது தடவை திறப்பதற்குமுன் சப்-மீட்டர் நோட்டைத் திறந்து பார்க்கச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். லேவியராகமம் 19:13, கூலியைப் பொழுது விடியுமட்டும் வைத்திருக்காதே என்கிறது. யாக்கோபு 5:4, பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. இதைச் சொல்வது எரேமியா ஒருவர் மட்டுமில்லை.

வாசிப்பும் ஜெபமும் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வாசிக்காமல் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியவராது. வாசித்தும் கைக்கணக்கு மாறவில்லையென்றால், தெரிந்தது அவரைப் பற்றிய செய்தி. அவரை இன்னும் தெரியவில்லை.

சொந்த வீடு கட்டி முடிச்சிட்டோம். பிரதிஷ்டை ஜெபம் வைக்கிறோம். பெருமையா தெரியாம எப்படி நடத்துறது?

வைக்கும் முன் மேஸ்திரி, கம்பி கட்டுபவர், டைல்ஸ் போட்டவர், பெயின்டர் எல்லாருக்கும் பாக்கி இல்லாமல் கொடுத்து முடியுங்கள். "ஃபங்ஷன் முடிஞ்சு செட்டில் பண்றேன்" என்பது யோயாக்கீம் வேலை. அவர்களையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். பின்பந்தியில் இல்லாமல், சொந்தக்காரர்கள் உட்காரும் அதே பந்தியில்.

வாசல் கல்லில் "கர்த்தர் செய்த நன்மை" என்று பொறிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த வீட்டு மாடியில் குடியிருக்கப்போகிறவருக்கு அந்த எழுத்து உண்மையாக இருக்கிறதா என்பதே கேள்வி. வந்தவர்களை அறை அறையாகக் கூட்டிப்போய் எது என்ன விலை என்று சொல்லாமல் இருப்பது கொஞ்சம் கஷ்டம்தான். கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவரிடம் வேண்டாம்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துல போட்டி போட்டு எடுக்கிறோமே, அது எந்தக் கணக்கு?

காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய், ஒரு வாழைத்தார், யாரோ வீட்டில் செய்த கேக். கடை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும். பணம் ஆலய வேலைக்குப் போகிறது, எல்லாரும் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார்கள் என்றால் நல்ல வழக்கம்தான். அதை நிறுத்தச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

இரண்டு குடும்பங்கள் போன வருஷப் பகையை அந்தப் பூசணிக்காய் மேல் தீர்க்க ஆரம்பிக்கும் இடத்தில்தான் கெட்டுப்போகிறது. கேட்கும் தொனியிலேயே தெரிந்துவிடும். ஏலம் விடுபவர் கெட்டிக்காரராக இருந்தால் அந்த நேரத்தில் சட்டென்று மூன்று தரம் சொல்லி முடித்துவிடுவார். சிறிய தொகைக்குப் போகும் பொருள்களை முதலில் விடுவது, எல்லாப் பொருளிலும் சிலவற்றைச் சிறுவர் ஏலத்துக்கென்று ஒதுக்குவது, எடுத்தவர் பெயரை அறிவிப்பில் வாசிக்காமல் மொத்தத் தொகையை மட்டும் சொல்வது ஆகியவை சூட்டைத் தணிக்கும். எடுத்த பூசணிக்காயை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

காணிக்கை கொடுத்தவங்க பேரை வாசிக்கிறாங்க, கல்வெட்டுலயும் போடுறாங்க. நான் என்ன பண்ண?

மத்தேயு 6:1-4 தெளிவாக இருக்கிறது. கவரில் பெயர் எழுதாமல் போடுங்கள். பொருளாளருக்குக் கணக்குக்காகப் பெயர் தேவைப்பட்டால் ரசீது வாங்கிக்கொண்டு, "வாசிக்க வேண்டாம்" என்று கவரின் மேலேயே எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

எங்க குடும்பம் நாலு தலைமுறையா கிறிஸ்தவங்க. அதைச் சொல்லிக்கிறதுல என்ன தப்பு?

நன்றியோடு சொன்னால் தப்பில்லை. ஆனால் இந்த வசனத்துக்கு அடுத்த இரண்டையும் (9:25, 26) படித்துவிட்டுச் சொல்லுங்கள். எகிப்து, யூதா, ஏதோம், அம்மோன், மோவாப் என்று ஒரே வரிசையில் யூதாவையும் நிறுத்துகிறார். விருத்தசேதனம் (ஆண்பிள்ளைகளுக்கு நுனித்தோல் நீக்கும் சடங்கு) என்ற அடையாளம் உடம்பில் இருக்கிறது, இருதயத்தில் இல்லை என்கிறார். 7:4-ல் "கர்த்தரின் ஆலயம்" என்று மூன்று தடவை அடுக்கிச் சொல்லித் தைரியமாக இருந்தவர்களையும் இப்படித்தான் கேட்டார். அறிவு, பலம், பணத்தோடு சேர்த்து மதப் பெருமையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

நாலு தலைமுறை என்ற பேச்சுக்குள் பல நேரம் ஒளிந்திருப்பது சாதி. "நாங்க அந்தக் காலத்துக் கிறிஸ்தவங்க, அவங்க நேத்து வந்தவங்க" என்பதில் அந்த "அவங்க" யார் என்று எல்லாருக்கும் தெரியும். பெண் பார்க்கும்போது மட்டும் வெளியே வரும் பெருமை இது. பவுல் பிலிப்பியர் 3:5, 6-ல் எட்டாம் நாள் விருத்தசேதனம், இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், எபிரெயன், பரிசேயன், வைராக்கியம், நியாயப்பிரமாணத்தில் குற்றமில்லாதவன் என்று ஏழு தகுதிகளை அடுக்குகிறார். அதில் முதல் நாலும் பிறப்பால் வந்தவை. எல்லாவற்றையும் நஷ்டம் என்றும் குப்பை என்றும் தள்ளிவிட்டார். கல்யாணப் பேச்சில் அந்தக் குப்பையைத் திரும்பப் பொறுக்கி எடுக்க வசனத்தில் வழி இல்லை.

வியாசர்பாடின்னு அட்ரஸ் சொன்னாலே ஒரு மாதிரி பாக்குறாங்க. அங்கிருந்து படிச்சு மேல வந்ததைச் சொல்லக் கூடாதா? அதுவும் பெருமையா?

சொல்லுங்கள், சத்தமாகவே சொல்லுங்கள். இந்த வசனத்தைத் தப்பான ஆள்மேல் பயன்படுத்துவது அதிகம் நடப்பது இங்கேதான். ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டவரிடம் போய்த் "தாழ்மையாயிரு" என்பது வசனத்தின் வேலை இல்லை. "நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா" என்று யோவான் 1:46-ல் நாத்தான்வேல் கேட்டார். அவரை இயேசுவிடம் அழைத்த பிலிப்பு, இயேசுவின் ஊரை மறைக்கவில்லை. "வந்து பார்" என்றார்.

பவுலும் ஊர்ப் பெயரை விட்டுக்கொடுத்தவர் இல்லை. அப்போஸ்தலர் 21:39-ல் கீர்த்திபெற்ற தர்சு பட்டணத்தான் என்று சொல்லிக்கொள்கிறார். அடுத்த அதிகாரத்தில் சாட்டையால் அடிக்கக் கட்டும்போது, ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்கலாமா என்று கேட்கிறார். பிலிப்பி பட்டணத்தில் (16:37) ரகசியமாக வெளியே அனுப்பப் பார்த்தபோது, அதிகாரிகளே வந்து எங்களை வெளியே கூட்டிப்போகட்டும் என்று மறுத்துவிட்டார். குப்பை என்று சொன்ன அதே மனிதர்தான், அநியாயம் நடக்கும்போது தன் தகுதியை எடுத்து மேஜைமேல் வைத்தார். யாக்கோபு 1:9, தாழ்ந்த சகோதரன் தன் உயர்வைக்குறித்து மேன்மைபாராட்டலாம் என்று நேரடியாகவே அனுமதி கொடுக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேலே வந்தபிறகு, அதே தெருவில் இன்னும் இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போது உங்கள் வாயில் மற்றவர்களின் இளக்காரம் வந்துவிடக் கூடாது.

இன்டர்வியூல "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னா என்ன சொல்றது? அங்கே தற்பெருமை பேசித்தானே ஆகணும்?

செய்ததைச் செய்ததாகச் சொல்வது தகவல். என்ன மெஷின் ஓட்டினீர்கள், எத்தனை வருஷம், எத்தனை பேருக்குப் பொறுப்பு என்று தயங்காமல் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொன்னால் அது நேர்மையும் ஆகும், கேட்பவருக்கும் நம்பிக்கை வரும். செய்யாததைச் சேர்ப்பது பெருமையைவிடப் பெரிய பிரச்சினை; அது பொய்.

வேலை போயிடுச்சு. கையில ஒண்ணும் இல்ல. எனக்கு மேன்மைபாராட்ட என்ன இருக்கு?

பெரம்பூர்ப் பக்கம் பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு காலத்தில் "பின்னி மில்லில் வேலை" என்றால் பெண் கொடுக்கப் போட்டி. பின்னி கம்பெனியின் நெசவாலைகளான, 1876-ல் தொடங்கிய பக்கிங்காம் மில்லும் அடுத்து வந்த கர்நாடிக் மில்லும் சேர்ந்து பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. 1996-ல் மூடினார்கள். வேலையோடு பலருக்கு மரியாதையும் போயிற்று. சம்பளம் போனதைவிட, தெருவில் ஆள்கள் பேசும் விதம் மாறியதுதான் அதிகம் வலிக்கும்.

எரேமியா 24-ல் இரண்டு கூடை அத்திப்பழம் வருகிறது. எல்லாம் இழந்து பாபிலோனுக்குப் போனவர்களைக் கர்த்தர் நல்ல பழம் என்கிறார். வீடு வாசலோடு எருசலேமில் தங்கியவர்களைக் கெட்ட பழம் என்கிறார். போனவர்களுக்கு, "நான் கர்த்தர் என்று என்னை அறியும் இருதயத்தை" கொடுப்பேன் என்பது வாக்கு (24:7). இதனால் வேலை தேடுவதை நிறுத்த வேண்டாம். வேலை இல்லாத மாதங்களில் உங்களைக் கர்த்தர் கழித்துக்கட்டிவிட்டார் என்று நினைக்கவும் வேண்டாம். சபையாரிடம் ஒரு வார்த்தை: இப்படிப்பட்டவருக்கு வசனம் அனுப்புவதோடு ஒரு மாதத்து மளிகைச் சாமானையும் அனுப்புங்கள். 9:24-ல் கிருபை முதலில் வருகிறது.

பக்கத்து வீட்டு ஐயா, "இதெல்லாம் பட்டினத்தார் அப்பவே சொல்லிட்டாரு"ங்கிறாரு. என்ன பதில் சொல்றது?

சண்டை போடாதீர்கள், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெரும் வணிகர் என்று சொல்லப்படும் பட்டினத்தார், காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்று தெரிந்தபின் எல்லாவற்றையும் விட்டவர். அவர் சமாதி நம் திருவொற்றியூரில் கடற்கரைப் பக்கம்தான் இருக்கிறது. செல்வம் கூடவராது என்பதில் அவரும் எரேமியாவும் ஒரே பக்கம்.

வித்தியாசம் அடுத்த அடியில் வருகிறது. பட்டினத்தார் விட்டுவிட்டு நடக்கிறார். எரேமியாவின் வசனம், வைத்திருப்பவனைக் கூலியிலும் வாடகையிலும் நியாயம் செய்யச் சொல்லி அதே ஊரில் உட்காரவைக்கிறது. இதை அந்த ஐயாவிடம் சொல்லிப் பாருங்கள். அநேகமாக நல்ல பேச்சாகத்தான் இருக்கும்.

பவுலே தன்னைப் பத்தி நிறைய பேசுறாரே? 2 கொரிந்தியர் 11 முழுக்க அதுதானே?

வாசிக்கும்போது தொனியைக் கவனியுங்கள். கொரிந்துவில் சிலர் தங்கள் தகுதிகளைச் சொல்லிப் பவுலைத் தாழ்த்தினார்கள். அவரும் பட்டியல் போடுகிறார், ஆனால் புத்தியீனனாகப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டே போடுகிறார். பட்டியலில் இருப்பது அடி, கல்லெறி, கப்பற்சேதம், பசி, குளிர். உச்சியில் வைப்பதோ, தமஸ்குவில் ஜன்னல் வழியாகக் கூடையில் வைத்து மதிலுக்கு வெளியே இறக்கிவிடப்பட்டுத் தப்பி ஓடிய கதை (11:32, 33). ரோம வீரன் மதில்மேல் முதலில் ஏறினால் கிரீடம் வாங்குவான். இவர் மதிலிலிருந்து முதலில் இறங்கியதைச் சொல்கிறார். அதற்கு முந்தைய அதிகாரத்தில் (10:17), நம் எரேமியா வசனத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். 1 கொரிந்தியர் 1:31-லும் அதுவே.

ஒரு சந்தேகம். "நான் கர்த்தரை அறிஞ்சிருக்கேன்"னு சொல்றதே பெரிய பெருமை இல்லையா? பணக்காரனாவது அடங்கிப் பேசுவான், சில ஊழியக்காரர் அடங்குறதே இல்ல.

இருப்பதிலேயே கடினமான கேள்வி இது. ஆம், ஆவிக்குரிய பெருமை மற்ற மூன்றையும்விட மோசமானது. திருத்த வருகிறவரையே "இவருக்கு வெளிப்பாடு இல்லை" என்று தள்ளிவிடும். அந்நிய பாஷை, தரிசனம், எத்தனை நாள் உபவாசம் என்று அதற்கும் மார்க் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அறிந்துகொண்டதாக ஒருவன் எண்ணினால், அறியவேண்டியபடி இன்னும் அறியவில்லை என்று 1 கொரிந்தியர் 8:2 இதற்குக் கடிவாளம் போடுகிறது.

கலாத்தியர் 4:9-ல் பவுல் தேவனை அறிந்திருக்கிறீர்கள் என்று எழுதிவிட்டு, அதே மூச்சில், அல்லது தேவனாலே அறியப்பட்டிருக்கிறீர்கள் என்று திருத்திக்கொள்கிறார். மத்தேயு 7:22, 23-ல் தீர்க்கதரிசனம், பிசாசு துரத்தல், அற்புதங்கள் என்று சாதனைப் பட்டியலோடு வந்தவர்களுக்குக் கிடைத்த பதில், "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை." வேலை போனவருக்கான பதிலில் பார்த்த 24:7-ன்படி அறியும் இருதயமே கொடுக்கப்படுவதுதான். கொடுத்ததை வாங்கியவர் வாங்காதவரைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்த முடியாது. ஒருவர் கர்த்தரை அறிந்திருக்கிறாரா என்று தெரிய வேண்டுமென்றால் அவர் பிரசங்கத்தைவிட, அவர் வீட்டு டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

எங்க வீட்டுக் கூட்டத்துல இதை எடுத்துப் படிக்கணும். எப்படிப் பிரிக்கலாம்?

நாலு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 45 நிமிஷம். முதல் வாரம் எரேமியா 7:1-15. இரண்டாம் வாரம் 9:17-26, நம் வசனத்தை மட்டும் பிடுங்கி எடுக்காமல் முழுதாக. மூன்றாம் வாரம் 22:13-19, கூடவே 2 இராஜாக்கள் 24:10-17. நாலாம் வாரம் 1 கொரிந்தியர் 1:26-31, 2 கொரிந்தியர் 11:30 முதல் 12:10 வரை. வாசிக்க 10 நிமிஷம், பேச 25, ஜெபத்துக்கு 10.

வழக்கமாகச் சிக்குவது மூன்றாம் வாரம். கூலி, வாடகை என்று வந்தவுடன் பேச்சு "இந்தக் காலத்து அரசியல்வாதிங்க" பக்கம் திரும்பிவிடும். நடத்துகிறவர் விடக் கூடாது. அவரவர் யாருக்குச் சம்பளம் அல்லது பாக்கி தர வேண்டியிருக்கிறது என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். வாசிக்கச் சொல்லாதீர்கள், அவரவர் பைபிளுக்குள் வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கூட்டத்திலேயே வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் இருந்தால் அன்று பேச்சு குறையும். பரவாயில்லை.

கடைசியா ஒண்ணு. எங்க பாஸ்டரே தெரு முழுக்க தன் படம் போட்டு பிறந்தநாள் பேனர் வைக்க விடுறாரு. அவர்கிட்ட இதை யாரு சொல்றது?

வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மத்தேயு 18:15 சொல்கிறபடி தனியாகப் போங்கள், ஞாயிறு ஆராதனை முடிந்த களைப்பில் வேண்டாம், வாரநாளில். பல சபைகளில் பேனர் அவர் கேட்டு வருவதில்லை. வாலிபர் சங்கம் அன்பில் அடித்து மாட்டிவிடும், அவர் மறுக்கத் தயங்குவார். அப்படியானால் நேராகச் சங்கத்துப் பிள்ளைகளிடம் பேசினாலே வேலை முடியும். அந்தப் பணத்தில் அவர் பெயரில் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி பீஸ் கட்டலாம் என்று கையோடு ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுபோனால் எளிதில் கேட்பார்கள்.

கேட்டும் தொடர்ந்தால், அடுத்த வருஷப் பேனர் வசூலுக்கு வரும்போது ரசீது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரணத்தை மரியாதையாகச் சொல்லுங்கள்.